நுபெலுக்கு ஒரு கோட்டு

ஐந்து வருடமாக ஒரு கூச்சல் என் காதை விட்டுப் போகவில்லை. கத்தியவள் நான்தான். 2020 பிப்ரவரி 25, செவ்வாய்க்கிழமை, கார்னிவல் என்ற விழாவின் கடைசி இரவு, நள்ளிரவுக்குச் சற்று முன்னால், ஜெர்மனியின் கொலோன் நகரத்தில், நான் குடியிருக்கும் தெருவின் முனையில் இருக்கும் மதுக்கடை வாசலில் நூறு பேருக்கு மேல் கூடியிருந்தோம். எதிரே ஒரு வைக்கோல் பொம்மை. பழைய பேன்ட், பழைய சட்டை, தலையில் ஒரு தொப்பி. ஆறு நாளாகக் கடை வாசலுக்கு மேலே தொங்கியபடி எங்கள் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பொம்மை அது. அதைக் கொளுத்து, கொளுத்து என்று எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன், தொண்டை கட்டுகிற அளவுக்கு. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது கை நடுங்கியது. ஒரு பொம்மையை எரித்ததற்கா இப்படி என்று அன்றைக்கு என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் கிடைக்க நாளாயிற்று. அதை எழுதிப் பார்க்கத்தான் இந்தப் பதிவு.

வெறும் செவ்வாய்க்கிழமை

எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கத்தோலிக்கக் குடும்பம். தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்திய நோன்புக்காலம், எனக்குப் புதிதில்லை. அது தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று காலைப் பூசையில், போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலை சாமியார் நெற்றியில் சிலுவையாக இடுவார். அதோடு வீட்டில் கறி நின்றுவிடும். வெள்ளிதோறும் சிலுவைப்பாதை. ஊரில் கல்யாணம் இருக்காது. ஈஸ்டர் வரைக்கும் எல்லாமே ஒரு சுருதி இறங்கித்தான் இருக்கும். ஆனால் அந்தப் புதனுக்கு முந்தின நாளுக்கு எங்கள் ஊரில் பெயரே கிடையாது. அது வெறும் செவ்வாய்க்கிழமை. அந்தச் செவ்வாயை நோக்கி ஒரு நகரமே மாதக்கணக்கில் ஓடும் என்பது, செவிலியர் வேலைக்காக 2019இல் இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

கொலோன்காரர்கள் இந்த விழாவைக் கார்னிவல் என்பதைவிட 'ஃபாஸ்டெலோவெண்ட்' என்றுதான் பாசமாகச் சொல்வார்கள். நோன்புக்கு முந்திய மாலை என்று பொருள். பெயரிலேயே நோன்பு இருக்கிறது, அதை மறந்துவிட்டு இந்த விழாவைப் புரிந்துகொள்ள முடியாது. அந்தக் காலத்து நோன்பில் இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெய், கொழுப்பு எதுவும் கூடாது. வீட்டில் இருப்பதைப் புதன்கிழமைக்குள் தீர்த்தாக வேண்டும். கொழுப்பில் பொரித்த பலகாரங்கள் இந்த நாட்களோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். இங்கே 'மூட்சமாண்டல்' என்று பாதாம்பருப்பு வடிவத்தில் ஒன்று பொரிப்பார்கள், சீனி தூவிக் காகிதப் பொட்டலத்தில் கொடுப்பார்கள். 1341இலேயே இந்த விழாவின் பெயர் நகரத்துப் பதிவேட்டில் வந்துவிடுகிறது. கார்னிவலுக்கு ஊர்ப்பணத்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று நகரசபை உறுப்பினர்களுக்கு அதில் கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள். அப்படி எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்னால் எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம்.

நவம்பர் 11ஆம் தேதி காலை 11 மணி 11 நிமிடத்துக்குக் கார்னிவல் பருவம் தொடங்கும். அதற்குப் பிறகு பாட்டு, கூட்டம், பேச்சு என்று மண்டபங்களுக்குள்ளேயே நடக்கும். தெருவுக்கு வருவது கடைசி ஆறு நாள். வியாழக்கிழமை பெண்களின் நாள். ஆண்களின் கழுத்து டையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார்கள், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆற்றோரம் பாய்ல் என்ற ஊரில் துணி வெளுக்கும் பெண்கள் 1824இல் தங்களுக்கென்று ஒரு குழு அமைத்ததிலிருந்துதான் இது வளர்ந்தது. அவர்கள் ஊரார் துணியை வெளுத்துக்கொண்டிருக்க, வீட்டு ஆண்கள் கார்னிவல் கொண்டாடிக்கொண்டிருந்தார்களாம். கேட்டதும் எனக்கு அந்தப் பெண்களை ரொம்பப் பிடித்துவிட்டது. திங்கட்கிழமை 'ரோசன்மோன்டாக்', பெரிய ஊர்வலம். வண்டிகளிலிருந்து மிட்டாய் மழையாகக் கொட்டும். 'கமெல்லே, கமெல்லே' என்று பிள்ளைகள் கேட்க, கூட்டம் 'கோல்லே அலாஃப்' (கொலோன் வாழ்க) என்று முழங்கும்.

2020இல் அந்த வியாழக்கிழமை பிப்ரவரி 20. முந்தின நாள் இரவு ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹனாவில் ஒரு இனவெறியன் துப்பாக்கியோடு புகுந்து ஒன்பது பேரைக் கொன்றிருந்தான். அவன் கண்ணுக்கு அந்நியர்களாகத் தெரிந்த ஒன்பது பேர். காலை ஷிஃப்டுக்கு டிராமில் போகும்போது சுற்றிலும் கோமாளிகள், கடற்கொள்ளைக்காரர்கள், தேனீக்கள். கைபேசியில் ஹனாவ். அம்மா போன் செய்து, "வெளியே போகாத மக்கா, வேலை முடிஞ்சா நேரா வீட்டுக்கு வா" என்றாள். நான் போகாமல்தான் இருந்தேன், செவ்வாய் இரவு வரைக்கும்.

யாரோ ஒருத்தன்

செவ்வாய் இரவு என்னைக் கூட்டிப்போனவர் கீழ்வீட்டுப் பாட்டி. எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். தனியாக இருப்பவர். நான் வந்த முதல் வாரமே, குப்பையை எந்த நிறத் தொட்டியில் போட வேண்டும் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியவர். "இன்றைக்கு நுபெல் சாகப்போகிறான், துக்கத்துக்கு வராமல் இருக்கலாமா" என்றார். கறுப்பு உடை உடுத்தி, தலையில் கறுப்பு வலை போட்டிருந்தார். எனக்கும் ஒரு கறுப்புத் துண்டு கொடுத்தார்.

நுபெல் என்பது அந்தப் பொம்மையின் பெயர். கொலோன் பேச்சுவழக்கில் அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் 'யாரோ ஒருத்தன்' என்பதுதான். யார் என்று சொல்ல முடியாதபோதும், சொல்ல விரும்பாதபோதும் நுபெல் மேல் போட்டுவிடுவார்கள். ஜாடியை உடைத்தது யார்? நுபெல். எங்கே போயிருந்தாய்? நுபெல் வீட்டுக்கு. கோயில் திருவிழா முடிவில் இதேபோல எரிக்கப்பட்ட இன்னொரு பொம்மை இங்கே உண்டு, சக்கேயுஸ் பெயரில். ஆம், அத்திமரத்தில் ஏறி இயேசுவைப் பார்த்த அதே குட்டைச் சக்கேயுஸ்தான். கோயில் நேர்ந்தளிப்புத் திருநாளில் அவர் கதையை நற்செய்தியாக வாசிப்பதால் அந்தப் பெயர். அந்தப் பழக்கம்தான் பிறகு கார்னிவலுக்குள் நுபெலாக வந்து உட்கார்ந்தது.

அன்றிரவு நடந்ததை மெதுவாகச் சொல்ல வேண்டும். பொம்மையை இறக்கிப் பாடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினார்கள். மெழுகுவர்த்தி, தீப்பந்தம், பறைபோல ஒரே தாளத்தில் ஒரு பெரிய மேளம். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். சின்ன வயதில் மழை பொய்த்த ஒரு வருடம் எங்கள் பக்கத்து ஊரில் கொடும்பாவி கட்டி இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். அதே வைக்கோல், அதே ஒப்பாரி. அதனால் எனக்கு இது விசித்திரமாகவே படவில்லை. கடை வாசலுக்குத் திரும்பி வந்ததும், சாமியார் வேடம் போட்டவர் ஒரு பெட்டிமேல் ஏறிக் குற்றப்பத்திரிகை படித்தார். எல்லாம் எதுகை மோனையோடு, பேச்சுவழக்கில். எனக்கு அப்போது பள்ளிக்கூட ஜெர்மன்தான் தெரியும், பாதிக்கு மேல் புரியவில்லை.

முதலில் கூட்டம் நுபெல் பக்கம் நின்றது. "பாவம், அவன் என்ன செய்தான்?" "விட்டுவிடுங்கள்!" என்று குரல்கள் வந்தன. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நம்மோடு ஆறு நாள் தொங்கிக்கொண்டிருந்தவன்தானே. அப்புறம் கேள்விகள் தொடங்கின. நம்ம காசையெல்லாம் குடித்துத் தீர்த்தது யார்? சிலர் சிரித்துக்கொண்டே, "நுபெல்தான்!" நம்ம அணி பந்தாட்டத்தில் தோற்றதற்கு யார் காரணம்? இன்னும் கொஞ்சம் பேர், "நுபெல்தான்!" கட்டியவளை விட்டு இன்னொருத்தியை முத்தமிட்டது யார்? இப்போது எல்லோரும். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. 'விட்டுவிடுங்கள்' என்ற அதே வாய்கள் 'கொளுத்து' என்றன. இடையில் எந்த இடத்தில் அது திரும்பியது என்று எவ்வளவு யோசித்தாலும் என்னால் சொல்ல முடியவில்லை. நான் எந்தக் கேள்விக்கு முதலில் வாய் திறந்தேன் என்பதும் நினைவில்லை. கேள்வியே புரியாமல் பதில் மட்டும் கத்தினேன். ஒருவனைக் குற்றவாளி என்று சொல்ல அவன் செய்த குற்றம் தெரிந்திருக்கத் தேவையில்லை என்பதை அன்றைக்கு என் தொண்டையே எனக்குக் காட்டிக் கொடுத்தது.

தீ வைத்தார்கள். வைக்கோல் நொடியில் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற பெரிய உருவம் ஒன்று, பாண்டா வேடம் போட்டவர், உண்மையாகவே தேம்பித் தேம்பி அழுதார். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அந்த நிம்மதியை மறைக்க விரும்பவில்லை, எனக்கும் அது இருந்தது. அந்த வாரம் முழுக்க நெஞ்சில் சேர்ந்த பயம் அந்தத் தீயோடு கொஞ்சம் போனது. கை நடுங்கியது வீட்டுக்கு வந்த பிறகுதான். அடுத்த ஞாயிறு பூசையில், மார்பில் தட்டிக்கொண்டு "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று நான் வழக்கம்போலத் தமிழில் முணுமுணுத்தபோது, அந்த மற்றக் கூச்சல் குறுக்கே வந்தது. ஒரே வாரத்தில் ஒரே வாயால் இரண்டையும் சொல்லியிருக்கிறேன்.

மரத்துப்பாக்கி

இதைப் பாட்டியிடம் சொன்னேன். கொரோனா காலத்தில் அவருக்குச் சாமான் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் வீட்டு வாசலில் நானும் உள்ளே அவருமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவோம். 2021இல் தெருவில் கார்னிவலே நடக்கவில்லை, பேச நேரம் நிறைய இருந்தது. கொலோன் கார்னிவலைப் பற்றி நான் கற்றதில் பாதி அந்த வாசலில் கற்றதுதான்.

அவருக்கு முதலில் பெருமைதான். 1949இல் ஆறு வயதுப் பிள்ளையாக அப்பா தோளில் உட்கார்ந்து, போருக்குப் பிந்திய முதல் ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறார். இருபுறமும் இடிந்த சுவர்கள். 'மறுபடி வந்துவிட்டோம், முடிந்ததைச் செய்கிறோம்' என்பதுதான் அந்த வருடத்து முழக்கம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் மாறும். அதற்கு முந்திய பெருமை 1823. பிரெஞ்சுக்காரர்கள் இருபது வருடம் ஆண்டுவிட்டுப் போய், 1815இல் பிரஷ்யா என்ற பெரிய ஜெர்மன் அரசின் ஆட்சி வந்திருந்த காலம். விழாவை ஒழுங்குபடுத்த ஒரு குழு அமைத்து, அந்த வருடம் பிப்ரவரி 10ஆம் தேதி முதல் ரோசன்மோன்டாக் ஊர்வலம் விட்டார்கள். பழைய நகரத்துச் சிப்பாய்களின் சிவப்புச் சீருடையில் 'ரோட்டே ஃபுங்கன்' என்ற குழுவினர் வந்தார்கள். கையில் மரத்துப்பாக்கி, குழலில் பூ. எதிரெதிரே முதுகைக் காட்டி நின்று பின்புறத்தை உரசி ஆடுகிற ஆட்டம் அவர்களுடையது. மிடுக்கான பிரஷ்ய இராணுவத்துக்கு நடுவில் அந்த ஆட்டத்தை ஆடியது சாதாரணக் காரியமில்லை. அதிகாரத்தைப் பார்த்து முதுகைத் திருப்பிச் சிரிக்க ஒரு ஊருக்குத் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் மதிப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதோடு கதையை நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். நானும் நிறுத்தியிருப்பேன். நூலகத்திலிருந்து எடுத்துவந்த கார்னிவல் வரலாற்றுப் புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

1934ஆம் வருடத்து ரோசன்மோன்டாக். ஹிட்லர் வந்து ஒரு வருடம். ஊர்வலத்தில் ஒரு வண்டி. அதில் நிற்கும் ஆண்கள் யூதர்களைப்போல வேடம் போட்டிருக்கிறார்கள், கறுப்பு அங்கி, தொப்பி, ஒட்டுத்தாடி. வண்டியில் எழுதியிருப்பது, 'கடைசி ஆட்களும் கிளம்புகிறார்கள்.' படத்தில் அவர்களுக்குக் கொண்டாட்டம்தான். இத்தனைக்கும் கி.பி. 321இலேயே கொலோனில் யூதர்கள் இருந்ததற்கு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் ஆணை சாட்சி. கார்னிவலுக்கு வெளியாட்களும் இல்லை அவர்கள். 1922இல் யூதர்கள் தங்களுக்கென்று ஒரு கார்னிவல் சங்கமே தொடங்கியிருந்தார்கள். நேற்றுவரை பக்கத்தில் நின்று 'அலாஃப்' சொன்னவர்களை ஊர் அந்த வண்டியில் ஏற்றிவிட்டது.

எதிர்ப்பே இல்லையா என்று கேட்கலாம். 1935இல் நாஜி அமைப்பு விழாவை முழுக்கக் கையில் எடுக்கப் பார்த்தபோது சங்கங்கள் ஒன்றுகூடி முரண்டுபிடித்தன. அதைப் பெரிய புரட்சியாகப் போருக்குப் பிறகு பேசிக்கொண்டார்கள். ஆனால் அது விழாவை யார் நடத்துவது என்ற சண்டை. வண்டியில் யாரை ஏற்றுவது என்பதில் அவர்களுக்குச் சண்டையில்லை. இளவரசன், குடியானவன், கன்னி என்று மூவரைக் கார்னிவல் தலைவர்களாக வைப்பது இங்கே வழக்கம், கன்னி வேடத்தையும் ஆண்தான் போடுவார். 1938இலும் 1939இலும் அதையும் மாற்றிப் பெண்ணைப் போட வைத்தார்கள் நாஜிகள், சங்கங்களும் கேட்டு நடந்தன. தனியாக நின்றவர் என்று நான் மரியாதையோடு நினைப்பது கார்ல் குப்பர் என்ற மேடைப் பேச்சாளரை. நாஜி வணக்கம்போலக் கையை உயர்த்திக்கொண்டு மேடைக்கு வருவார். சபையும் எழுந்து கையை உயர்த்தப் போகும் நேரம், "எங்கள் வீட்டு நிலவறையில் குப்பை இந்த உயரத்துக்குக் கிடக்கிறது" என்பார். 1939இல் அவருக்கு மேடையில் பேச ஆயுள் தடை விதித்தார்கள். ஒரு நகரத்தில் இத்தனை சங்கங்கள், இத்தனை மேடைகள் இருந்தும் என் கணக்கில் தேறுவது இந்த ஒரு கை.

அந்தப் படத்தைப் பாட்டியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். தன் அப்பா அன்றைக்கு எங்கே நின்றிருப்பார் என்று தனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை என்றார். அப்புறம் என் நடுக்கத்தைப் பற்றி நான் எப்போதோ சொன்னதற்கு அன்றைக்குப் பதில் சொன்னார். "அதனால்தான் பெண்ணே, நுபெல் வைக்கோலாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் கிட்டப்போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும், உள்ளே வைக்கோல்தானா என்று."

டாய்ட்ஸ் கரையிலிருந்து

2022இல் எல்லாம் மறுபடி தொடங்குவதாக இருந்தது. பிப்ரவரி 24, பெண்களின் வியாழன். வேடம் போட்டுக்கொண்டிருந்த காலையில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்துவிட்டது. நாலு நாள் கழித்து ரோசன்மோன்டாக் அன்று ஊர்வலத்துக்குப் பதிலாக அமைதிப் பேரணி நடந்தது, இரண்டரை லட்சம் பேர். மிட்டாய் இல்லை. பாதிப் பேர் வேடத்தில்தான் வந்திருந்தார்கள், நீலமும் மஞ்சளும் முகத்தில் பூசிய கோமாளிகள். நானும் போயிருந்தேன். யாரையும் கொளுத்தச் சொல்லிக் கத்தாத அவ்வளவு பெரிய கூட்டத்தில் நான் நின்றது அதுதான் முதல் தடவை. அப்படியும் ஒரு கார்னிவல் இருக்க முடியும் என்று கண்ணால் பார்த்தேன்.

2023, முதல் ஊர்வலத்துக்கு 200 வருடம். ரைன் நதியின் மறுகரையில் இருக்கும் டாய்ட்ஸிலிருந்து முதல் முறையாக ஊர்வலம் கிளம்பிப் பாலம் தாண்டி நகரத்துக்குள் வந்தது. எல்லோருக்கும் அது மகிழ்ச்சி. எனக்கு மகிழ்ச்சியோடு இன்னொன்றும் இருந்தது. கொலோன் யூதர்களை டாய்ட்ஸ் பொருட்காட்சி அரங்குகளில் அடைத்து வைத்து, பக்கத்திலிருந்த ரயில் நிலையத்திலிருந்துதான் அனுப்பினார்கள். 1941 அக்டோபர் 22ஆம் தேதி முதல் ரயில், ஏறத்தாழ ஆயிரம் பேரோடு, போலந்தின் லோட்ஸ் நகரத்தில் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதிக்குப் போனது. 1934இன் வண்டி போன அதே ஊர்வலம், அந்த ஊரிலிருந்து கிளம்பி வருவதைப் பாலத்தின் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பாட்டிக்கு அந்த வருடம் நிற்க முடியவில்லை, மடக்கு நாற்காலி கொண்டுபோயிருந்தோம். சிவப்புச் சீருடைக்காரர்கள் மரத்துப்பாக்கியோடு போனபோது எழுந்து நிற்கப் பார்த்தார், நான் தாங்கிக்கொண்டேன்.

இந்த விழாவை விட்டுவிடலாமே என்று ஊரில் ஒரு தோழி கேட்டாள். எனக்கு விட மனமில்லை. வருடத்துக்கு ஒரு தடவை மனிதனுக்குத் தன் சுமையை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. மார்பில் தட்டிக்கொள்வது மட்டும் எல்லோருக்கும் போதவில்லை என்று பாண்டா வேடத்தில் அழுதவரைப் பார்த்த பிறகு எனக்குத் தெரியும். நுபெலின் பெயர்தான் என்னை உறுத்துகிறது. யாரோ ஒருத்தன். முகமில்லாதவன் என்பதால் எந்த முகத்தையும் அதில் பொருத்திவிடலாம். ஹனாவில் சுட்டவன் மனதிலும் அப்படி ஒரு யாரோ ஒருத்தன்தானே இருந்திருப்பான்.

இதற்குப் பாட்டியிடம் ஒரு வழி இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமலே. நுபெலுக்கு உடுப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் தற்செயலாகக் கேட்டேன். தெருவில் இருப்பவர்கள் பழையதைக் கொடுப்பார்கள் என்றார். நான் முதல் வருடம் பார்த்த அந்தத் தொப்பி அவர் கணவருடையதாம். மனிதர் போய்ப் பத்து வருடமாகியும் அலமாரியில் வைத்திருந்து, ஒவ்வொரு வருடமும் ஒன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். "நம் வீட்டுத் துணி மேலே தொங்கினால், அது யார் என்று நமக்கு மறக்காது" என்றார்.

2025இல் பாட்டி இல்லை. முந்தின இலையுதிர்காலத்தில் போய்விட்டார். கார்னிவலுக்கு இரண்டு வாரம் முன்னால், இந்த நாட்டுக்கு வரும்போது சென்னையில் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்த என் நீலக் குளிர்கோட்டை மதுக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது இங்கத்திய குளிருக்கு ஒருநாளும் போதியதில்லை. வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகும்போது நிமிர்ந்து பார்த்தேன், நுபெல் அதைப் போட்டுக்கொண்டு தொங்கினான். வலது கைப்பக்கம் நான் தைத்த ஒட்டுத் தையல்கூடத் தெரிந்தது. ஆறு நாளும் போகவர அதைப் பார்த்தேன்.

மார்ச் 4, செவ்வாய் இரவு, பாட்டி கொடுத்த கறுப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். இப்போது பேச்சுவழக்கு எனக்கு நன்றாகவே புரிகிறது. முதல் கேள்வி வந்தது. இரண்டாவது வந்தது. "நுபெல்தான்!" என்று சுற்றிலும் எழும்பியது. எதிர்வீட்டுப் பையன், ஏழெட்டு வயதிருக்கும், என் பக்கத்தில் நின்று பொம்மையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"அது உங்க கோட்டுதானே?"

"ஆமாம்" என்றேன். "என்னுடையதுதான்."